ரிங் போகவில்லை, ஜெரி

ஜெரி,

உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே இன்னொரு கால் வருகிறது என்பாய். வாட்ஸ்அப்பில் போட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். இதை அப்படிச் செய்ய முடியாது. உன் மனைவி ஷீலா கோயம்புத்தூரில் பன்னிரண்டாவது வரை தமிழ் படித்தவள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல். அவள் சிரித்தால் ஏன் சிரிக்கிறாள் என்று கேள். ஓர் இடத்தில் அவள் நிறுத்திவிடுவாள் என்று நினைக்கிறேன். அங்கே கடிதத்தை நீ வாங்கி, மெதுவாக நீயே படி. வருகிற ஞாயிறு இது நம் பங்கின் தமிழ் மடலிலும் வரும். பெற்றோர் எல்லோரும் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்று ஃபாதர் பூசையில் கேட்டிருந்தார். மற்றவர்கள் தினமும் ஜெபமாலை சொல், குடிக்காதே என்று எழுதுவார்கள். நான் எஞ்சினைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு சரி என்றார். அச்சாவதற்கு முன்னால் கையெழுத்துப் பிரதி உன் கைக்கு வந்துவிடும். ஊர் படிக்கும் முன் நீ படிக்க வேண்டிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை காலையில் டெம்போ கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாய். கட்கி வீட்டைப் பூட்டிவிட்டு நான் ஔந்தில் உங்கள் எட்டாவது மாடிக்கு வந்துவிட வேண்டும், அதுதான் ஏற்பாடு. எனக்கென்று அறை தயாராக இருக்கிறது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தாயிற்று. ஷீலா எனக்குப் பிடித்த நீலத்தில் திரைச்சீலை வாங்கி மாட்டிவிட்டாள். இத்தனையும் அன்பால் செய்தது என்று எனக்குத் தெரியும், தெரியாமல் இல்லை. நானும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். "இந்த வண்டி நின்னா நான் மறுபேச்சு பேசாம வந்துடறேன்" என்று ஷீலாவைச் சாட்சியாக வைத்துக்கொண்டு சொன்னவள் நான்தான். வண்டி நின்றுவிட்டது, எஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று நீ தீர்ப்பும் சொல்லிவிட்டாய். அதனால் முதலில் இதை எழுதிவிடுகிறேன், மற்றது பிறகு. ரிங் போகவில்லை, ஜெரி.

மடலில் படிக்கிறவர்களுக்காக நம் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது வயலை உழுகிற டிராக்டர் இல்லை. புல்வெட்டும் சின்னத் தோட்ட டிராக்டர், ஒரே சிலிண்டர், உட்கார்ந்து ஓட்டுவது, வயிற்றுக்குக் கீழே சுழலும் கத்தி. ஏதோ கிளப்பின் புல்தரையில் உழைத்து ஓய்ந்ததை உன் டாடி ஏலத்தில் எடுத்துவந்தார். ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த மனிதர், கை சும்மா இருக்காது. ரிட்டயரான பிறகு கோயில் கல்லறைத் தோட்டத்துக்கும் பக்கத்துப் பள்ளி மைதானத்துக்கும் அவர்தான் புல் வெட்டினார். அவர் இறந்த வருஷம் மழைக்காலத்தில், அவருடைய கல்லறையின் மேலேயே முழங்கால் உயரத்துக்குப் புல் நின்றது. ஆள் வைக்கலாம் என்று கமிட்டியில் பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் நானே சாவியை எடுத்துக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துப் பௌதிக ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவளுக்கு ஒரு கிளட்ச் புரியாதா? முதல் நாள் கல்லறைத் தோட்டத்து வேலியில் போய் முட்டினேன். இரண்டாவது நாள் முட்டவில்லை.

முதல் வருஷம் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், உனக்கு இது தெரியாது. ஆயில் நிறைய இருந்தால் எஞ்சினுக்கு நல்லது என்று நினைத்து, ஊறுகாய் ஜாடிக்கு எண்ணெய் விடுகிற மாதிரி கழுத்துவரை ஊற்றிவிட்டேன். ஸ்டார்ட் செய்த ஐந்தாவது நிமிஷம் கல்லறைத் தோட்டம் முழுவதும் வெள்ளைப் புகை. பக்கத்துத் தெருவில் கொசுமருந்து அடிக்கிறார்கள் என்று நினைத்துச் சன்னல்களைச் சாத்தினார்கள். அன்றைக்குத்தான் எஞ்சினின் வயிறு எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். பிஸ்டன் மேலே போய்க் கீழே வரும்போது அதற்கு அடியில் இருக்கிற காற்றும் நெரிபடும். போதாததற்கு, மேலே வெடிக்கிற காற்றிலும் கொஞ்சம், பிஸ்டனைச் சுற்றி இறுக்கியிருக்கிற ரிங்கைத் தாண்டிக் கசிந்து கீழே இறங்கும். எவ்வளவு நல்ல எஞ்சினிலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அந்தக் காற்று வெளியே போவதற்காகப் பக்கவாட்டில் பிரீதர் என்று ஒரு வழி, அதில் காற்றை வெளியே விட்டு உள்ளே விடாத ஒரு தகட்டு வால்வு. அது சரியாக இருந்தால் வயிற்றுக்குள் எப்போதும் லேசான உறிஞ்சல் இருக்கும், ஆயிலும் இருந்த இடத்தில் இருக்கும். வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சந்து பொந்தெல்லாம் தேடி வெளியே வரும். நான்கு வருஷம் பொறியியல் படித்த உனக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். தெரிந்ததைச் செய்தாயா என்பதுதான் என் கேள்வி.

போன மழையில் நான் ஈரப்புல்லில் வழுக்கி விழுந்தேன், முழங்கால் வீங்கி மூன்று வாரம் படுத்திருந்தேன். அதை மறைக்கவில்லை. நீ பயந்துபோனாய். எனக்கு அறுபத்தேழு, சர்க்கரை வேறு. தனியாக ஒரு கிழவி சுழலும் கத்தியின் மேல் உட்கார்ந்து ஊரைச் சுற்றுகிறாள் என்றால் எந்தப் பிள்ளைக்கும் தூக்கம் வராது. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அதே பேச்சுதான். வந்துவிடு, வந்துவிடு. எட்டு ஞாயிறு மறுத்தேன். ஒன்பதாவது ஞாயிறு, சாப்பாட்டு மேசையில், வாயை அடைப்பதற்காக அந்த வாக்கைக் கொடுத்தேன். டாடியின் வண்டி இன்னும் பத்து வருஷம் ஓடும் என்ற திமிர் எனக்கு. நவம்பர் பிறந்து இரண்டாவது வாரமே திமிர் புகைந்துவிட்டது. பள்ளி மைதானத்தில் பாதி வெட்டும்போது நீலமாகப் புகை வந்தது. இறங்கிப் பார்த்தால் ஆயில் அளவு பார்க்கிற குச்சி செருகியிருக்கிற துளையைச் சுற்றி ஆயில் கக்கியிருந்தது, அடியிலும் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு நீ வந்தாய். வெள்ளைச் சட்டை, கையில் ஃபோன். ஸ்டார்ட் செய்யச் சொன்னாய், குச்சியை லேசாகத் தூக்கினாய், ஆயில் ஆவி குப்பென்று உன் சட்டையில் அடித்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "மம்மி, இது ரிங்குதான், பக்கா. இஞ்சின் முடிஞ்சிடுச்சி. பஸ், போதும், இனிமே வீட்டுக்கு வந்துடு" என்றாய். சாகண் ஃபேக்டரியில் உன் கீழே இருபது பேர் வேலை செய்கிறார்கள், நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன். நீ சொன்ன விதத்தில் ஒரு நிம்மதி இருந்தது, அதையும் கவனித்தேன். நீ கிளம்பிய பிறகு அட்டைப்பெட்டிகளை இறக்கி, டாடியின் ஸ்பானர்களைத் துணியில் சுற்றிக் கட்ட ஆரம்பித்தேன். இரண்டு பெட்டி கட்டினேன். மூன்றாவதைக் கட்டும்போது எனக்குக் கோபம் வந்தது. ஆய்வகத்தில் முப்பது வருஷம் பிள்ளைகளிடம் என்ன கத்தினேன்? அளக்காமல் எழுதாதே என்றுதானே? அப்படிக் கத்தியவள் அளக்காமலே மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறேன். கட்டியதை அவிழ்த்தேன்.

முதலில் ஆயில் அளவைப் பார்த்தேன், கோடு தாண்டவில்லை. முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் கசிந்து ஆயிலில் கலந்தாலும் இதே கூத்து நடக்கும், ஆனால் பெட்ரோல் வாசனை இல்லை. பிறகு மீன்தொட்டிக்கு விற்கிற கண்ணாடி மாதிரியான குழாயை இரண்டு மீட்டர் வாங்கி, ஒரு பலகையில் வளைத்து ஆணியடித்து, நீல மை கலந்த தண்ணீர் ஊற்றினேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நான் செய்துவைத்த அதே அழுத்தமானி. ஒரு முனையை ரப்பர் அடைப்பானில் செருகி ஆயில் குச்சித் துளையில் இறுக்கினேன், மறுமுனை காற்றுக்குத் திறந்திருந்தது. நல்ல எஞ்சின் என்றால் மை எஞ்சின் பக்கம் உறிஞ்சப்பட வேண்டும். ஸ்டார்ட் செய்தேன். மை மறுபக்கம் பாய்ந்து, குழாயை விட்டு எகிறி, என் ரவிக்கையில் வந்து விழுந்தது. உள்ளே அழுத்தம் இருக்கிறது என்பது உறுதியாயிற்று. அதுவரை நீ சொன்னது சரி. ஆனால் அழுத்தம் இருக்கிறது என்பது நோயின் அறிகுறி, நோயின் பெயர் இல்லை. காற்று அதிகமாக உள்ளே வருகிறதா, வருகிற காற்று வெளியே போக முடியவில்லையா? இரண்டுக்கும் மை ஒரே மாதிரிதான் எகிறும்.

கட்கி பஜாரில் பம்ப்செட்டும் மருந்தடிக்கும் மெஷினும் பழுதுபார்க்கிற பாபுராவை உனக்குத் தெரியும். உன் வயசுதான் இருக்கும். என்னை மாவ்ஷி என்பான், அதாவது சித்தி. அவனிடம் போய் ரிங் செட் கிடைக்குமா என்று கேட்டேன். எதற்கு என்றான், சொன்னேன். பெரிய எஞ்சினியர் சொன்னால் சரி, ஆனால் காற்று அடித்துப் பார்த்தீர்களா என்றான். மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் ஒரு சின்னக் கம்ப்ரஸரைக் கட்டிக்கொண்டு வந்தான். பிளக்கைக் கழற்றி, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தி, சக்கரம் திரும்பாமல் முட்டுக்கொடுத்து, பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றினான். நான் ரப்பர் குழாயின் ஒரு முனையை ஆயில் துளையிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக்கொண்டேன். ரிங் போயிருந்தால் ஏற்றுகிற காற்றெல்லாம் அந்த வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும், காதில் புயல் அடிக்க வேண்டும். எனக்குக் கேட்டது பால் பொங்குவதற்கு முன்னால் வருகிற சத்தம், அவ்வளவுதான். பாபுராவும் வைத்துக் கேட்டான். "மாவ்ஷி, ரிங் ஏக்தம் டீக்", அதாவது ரிங்கில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டு டீ இருக்கிறதா என்று கேட்டான்.

டீயை அவன் கையில் கொடுத்துவிட்டு நான் சாக்கை விரித்துத் தரையில் படுத்தேன். முழங்கால் மடங்காது, அதனால் படுத்துத்தான் பார்க்க வேண்டும். உள்ளே வருகிற காற்று கொஞ்சம்தான் என்றால் வெளியே போகிற வழியில் ஏதோ இருக்கிறது. பிரீதரிலிருந்து வருகிற பழைய குட்டைக் குழாயை எடுத்துவிட்டு டாடி ஒரு நீளக் குழாய் போட்டிருந்தார், ஆயில் ஆவி ஓட்டுகிறவர் முகத்தில் அடிக்காமல் சட்டத்துக்குப் பின்னால் கீழே இறங்குகிற மாதிரி. கண்ணுக்குத் தெரியாத இடம், கையால் தடவிக்கொண்டே போனேன். எங்கேயும் நசுங்கவில்லை, மடங்கவில்லை. நுனியில் விரலுக்கு வழவழப்பாக ஒன்று தட்டுப்பட்டது. பிடுங்கினேன். உஸ்ஸென்று ஒரு சத்தம். கையில் இருந்தது மஞ்சள் பிளாஸ்டிக் மூடி.

அந்த மூடியை எனக்குத் தெரியாதா? உன் வேலையிடத்தில் எந்தக் குழாயும் வாய் திறந்து கிடக்கக் கூடாது, தூசி போய்விடும், வண்டியில் பூட்டுகிற வரைக்கும் அதன் வாயில் மஞ்சள் மூடி இருக்க வேண்டும் என்று நீதானே சொன்னாய். உன் பேன்ட் பையில் எப்போதும் நாலு கிடக்கும். வாஷிங் மெஷினிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி ஷீலா ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறாள். கல்லறைத் திருநாளுக்கு முந்திய ஞாயிறு, அம்மாவின் வண்டி பளிச்சென்று இருக்கட்டும் என்று நீ பைப் வைத்துத் தண்ணீர் அடித்துக் கழுவினாய். அப்போது குழாயில் தண்ணீர் ஏறிவிடக் கூடாது என்று பையிலிருந்து ஒன்றை எடுத்துச் செருகியிருக்கிறாய். பிறகு ஃபோன் வந்திருக்கும். திருநாளுக்கு முன் நான் வெட்டியது கொஞ்சம்தான், அதனால் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. நீயே வாயைப் பொத்திவிட்டு, நீயே வந்து மூச்சு முட்டுகிறது என்று சொல்லி, நீயே சாவுச் சான்றிதழும் எழுதிவிட்டாய், மகனே. மூடியைப் பார்த்துப் பாபுராவ் டீயைக் கொட்டிக்கொண்டு சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. இந்த இடத்தில் ஷீலாவிடமிருந்து கடிதத்தை வாங்கிக்கொள்.

அந்தச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தபோது எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? நீ வேண்டுமென்றே செய்திருப்பாய் என்றுதான். அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறாள், வண்டி நின்றால் வந்துவிடுவாள், ஒரு மூடி போதும். பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு தாய்க்கு இப்படி ஏன் தோன்ற வேண்டும்? பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். நான் அதைச் செய்தவள், அதனால் தோன்றியது. நீ பன்னிரண்டாவது முடித்ததும் மும்பையில் கேட்டரிங் படிக்க ஆசைப்பட்டு எழுத்துத் தேர்வு எழுதிவிட்டு வந்தாயே, அதற்கு நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. பதிவுத் தபாலில் வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். நீ டியூஷனில் இருந்தாய், டாடி டியூட்டியில் இருந்தார். அதைத் தையல் மெஷின் டிராயரில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். தேதி போகிற வரைக்கும் எடுக்கவில்லை. நீ தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நின்றாய், நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நீயே வந்து, "செலக்ட் ஆகல போல, மம்மி" என்றாய். நான் உன் தலையைத் தடவி, கடவுள் சித்தம் என்றேன். செய்தது நான், பழியைப் போட்டது கடவுள் மேல்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். கப்பலில் சமைக்கப் போய்விடுவாய், குடிப்பாய், திரும்பி வரமாட்டாய் என்று பயந்தேன். ஒரே பிள்ளை. உன் நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டேன். இந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் எவ்வளவோ ஒளித்துவைக்கலாம். டாடி சாகும்வரை அவரிடம்கூடச் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், மகனிடம் போய்ச் சொல் என்றார் அப்போதிருந்த ஃபாதர், அதற்குப் பிறகு பல வருஷம் வேறு கோயிலில் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். நீ எஞ்சினியராகி நன்றாகத்தான் இருக்கிறாய். வீடு, மனைவி, மரியாதை எல்லாம் இருக்கிறது. நன்றாக முடிந்ததால் நான் செய்தது சரியாகிவிடாது. ஞாயிற்றுக்கிழமை நீ பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கும்போது உன் முகத்தைப் பார்க்கிறேன். சாகண் கதை பேசும்போது அந்த முகம் உனக்கு வருவதில்லை. அதைப் பார்க்க முடியாமல்தான் நான் எழுந்து பால்கனிக்குப் போகிறேன். மசாலா நெடி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நீ மிளகாயைக் குறைத்துக்கொண்டே வருகிறாய். குறைக்காதே.

நீ அந்த மூடியை மறந்துதான் போனாய். எனக்கு அதில் இப்போது சந்தேகம் இல்லை. திருட்டுத்தனம் செய்கிறவன் தன் வேலையிடத்து மூடியைப் போட்டுவிட்டுப் போகமாட்டான், ஒரு கந்தலைத் திணித்துவிட்டுப் போவான். திறந்த வாயைக் கண்டால் மூடாமல் இருக்க முடியாத கை உன்னுடையது, என் வீட்டுக் கெட்டில் மூக்குக்குக்கூட நீ மூடி தேடியவன். சந்தேகப்பட்டதற்கு என்னை மன்னித்துவிடு. ஆனால் அவசரப்பட்டாய் என்று சொல்வதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். வேறொருவர் வண்டியாக இருந்தால் மூன்று சோதனை செய்த பிறகுதான் வாயைத் திறந்திருப்பாய். என் வண்டி செத்துப்போக வேண்டும் என்று உனக்கு உள்ளூர ஆசை இருந்தது, அதனால் முதல் புகையையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டாய். இதை நாளைக்கு உன் பிள்ளைகளிடத்திலும் செய்யாதே, உன் கீழே இருக்கிற இருபது பேரிடத்திலும் செய்யாதே. நமக்கு எந்தப் பதில் வசதியாக இருக்கிறதோ அதைத்தான் இரண்டு தடவை சோதிக்க வேண்டும். அப்புறம், எதையாவது மூடினால் ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிட்டுப் போ. ஆய்வகத்தில் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

மூடியை எடுத்த பிறகு மறுபடி அழுத்தமானியை மாட்டினேன். இந்தத் தடவை மை எஞ்சின் பக்கம் ஏறி, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி அங்கேயே நின்றது. அரை மணி நேரம் ஓடியது, புகை இல்லை. இது நடந்து பத்து நாள் ஆகிறது. அன்றைக்கே உனக்கு ஃபோன் செய்து, தோற்றாயா என்று கேட்டிருக்கலாம். நம்பரை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். வண்டி ஓடுகிறது, அதனால் நான் வரவில்லை என்று சொன்னால் என்ன ஆகும்? அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ நிஜமாகவே ரிங் தேயும், பழைய எஞ்சின்தானே. அன்றைக்கு நீ டெம்போவோடு வந்து நிற்பாய், எனக்கு வாய் இருக்காது. யோசிக்க யோசிக்க எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. வரமாட்டேன் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல் ஒரு இரும்பை முன்னால் தள்ளிவிட்டிருக்கிறேன். நீ எஞ்சினியரிங் படி, எனக்குப் பயமாக இருக்கிறது என்று அன்றைக்குச் சொல்லத் தைரியமில்லாமல் டிராயரைப் பயன்படுத்தினேனே, அதே கோழைத்தனம்தான். ஆகவே அந்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வாக்குத் தவறியவள் என்று ஷீலா சொல்லலாம், சொல்லட்டும். தப்பான வாக்கைக் காப்பாற்றுவது பெரிய புண்ணியம் ஒன்றும் இல்லை.

நான் வரமாட்டேன், ஜெரி. என் உடம்புக்கு முடியாது என்பதற்கான ஆதாரத்தையெல்லாம் நீ அடுக்கலாம், அதில் பாதி உண்மையாகவும் இருக்கும். ஈரத்தில் இனி வெட்டமாட்டேன், மழை விட்டு ஒரு நாள் வெயில் காய்ந்த பிறகுதான் ஏறுவேன். வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் பாபுராவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். குளியலறைக் கம்பி நல்ல யோசனை, இங்கேயும் ஒன்று மாட்டிக் கொடு. காய்ச்சல் என்றால் நானே ரிக்ஷா பிடித்து உங்கள் வீட்டுக்கு வந்து நீலத் திரைச்சீலையை மூடிக்கொண்டு படுப்பேன். இதெல்லாம் என் கணக்கில் விட்டுக்கொடுப்பது, பயந்து ஒப்புக்கொள்வது இல்லை. ஆனால் காலையில் எழுந்து எந்தப் பக்கம் போவது என்பதை நான்தான் முடிவு செய்வேன். இந்த மடலைப் படிக்கிற என் வயசுக்காரிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். அறையும் நல்ல அறைதான். இருந்தாலும் போக மனமில்லை என்றால் முழங்காலைக் காரணம் காட்டாதீர்கள், பூனையைக் காரணம் காட்டாதீர்கள், மனமில்லை என்று சொல்லுங்கள். இதோ எழுதிவிட்டேன், வானம் இடிந்து விழவில்லை. ஒரு நாள் ரிங் தேய்ந்துபோகும், அன்றைக்கும் நான் வரமாட்டேன்.

சனிக்கிழமை வா. அந்தத் தபாலைப் பற்றி உனக்கு என்மேல் எவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது, வர வேண்டிய கோபம்தான். ஃபோனில் கத்தாதே, ஷீலாவிடம் கத்தாதே, அடக்கிக்கொண்டு ஆபீசுக்கும் போகாதே. இங்கே வந்து என் முகத்துக்கு நேராகக் கத்து. நான் குறுக்கே பேசமாட்டேன், அழுது உன் வாயை அடைக்கமாட்டேன், டாடியையும் கடவுளையும் கூப்பிடமாட்டேன். ஒரு நாளில் தீராது என்றால் அடுத்த சனிக்கிழமையும் வா, அதற்கடுத்த சனிக்கிழமையும் வா. நான் வீட்டில்தான் இருப்பேன்.

உன் அம்மா